கையெழுத்தும் காந்தமும்

எழுதுதலைக் கையின் தொழில் என்று கருதுவோர் பலர். உண்மையில் அது மூளையின் தொழில். கை ஏவல் செய்வது மட்டுமே. 'அ' என்னும் ஓரெழுத்தை வரைவதற்கு விரல்களின் சிறு தசைகளுள் எது சுருங்க வேண்டும், எது தளர வேண்டும், எந்தக் கணத்தில் எது நிற்க வேண்டும் என்பவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமலே எல்லாம் நிகழ்கின்றன. அவ்வாறு நிகழச் செய்யும் இடங்கள் மூளையின் ஆழத்தில் உள்ளன. அங்கே பழுது நேர்ந்தால், அது வெளிப்படும் இடங்களுள் ஒன்று மாணவனின் கொப்பி. மற்றொன்று அவன் பேச்சு. இரண்டும் ஆசிரியரின் கண்ணுக்கும் காதுக்கும் நாள்தோறும் எட்டுபவை.

கையெழுத்தையும் நாவையும் இங்ஙனம் கெடுக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. வில்சன் நோய் என்பது அதன் பெயர். உடம்பிற் செம்பு தேங்குவதால் வருவது அது. அந்நோய் மூளையிற் செய்த பழுதைக் காந்தத்தின் துணைகொண்டு படமாகக் காணும் வாய்ப்பு நம் காலத்தவர்க்குக் கிடைத்திருக்கிறது. பரம்பரை நோய் என்றதும் தலைவிதி என்று கைவிடுதல் நம்மவர் வழக்கம். இந்நோய் அப்படிக் கைவிடத்தக்கதன்று. காலத்தில் அறிந்தால் மருந்தால் அடக்கலாம். அறியாது விட்டால் ஈரலையும் மூளையையும் சிதைத்து உயிரையும் கொள்ளும். ஆதலின் இதனை வைத்தியர் மாத்திரம் அறிந்தாற் போதாது. ஆசிரியரும் அறிதல் வேண்டும் என்ற எண்ணத்தாலேயே இதனை எழுதுகின்றேன்.

செம்பும் ஈரலும்

செம்பு நமக்கு அயலான பொருளன்று. நீர் மொள்ளும் கலத்துக்கே செம்பு என்று பெயரிட்டவர் நாம். அரசரின் கொடையைச் செப்பேட்டிற் பொறித்தோம். இறைவனின் திருமேனியைச் செம்பு கலந்த உலோகத்தில் வார்த்தோம். 1950ஆம் ஆண்டு திருகோணமலையிற் கிணறு அகழ்ந்தபோது வெளிப்பட்ட கோணேசர் ஆலயத் திருமேனிகள் அத்தகையன. நம் மாவட்டத்து மண்ணிலும் செம்பு உண்டு. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே சேருவிலப் பகுதியில் 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தாதுப் படிவிலே செம்பும் காந்தக்கல்லும் சேர்ந்தே கிடக்கின்றன.

உடம்புக்கும் செம்பு வேண்டும். ஆனால் நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவே போதும். உணவோடு வரும் மிகுதியை ஈரல் பித்தத்திற் கலந்து குடல் வழியே வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்வதற்கு ஒரு புரதம் வேண்டும். அதனை ஆக்கும் கட்டளை 13ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகிலே, அஃதாவது தமிழகத்தார் மரபணு என்று வழங்குவதிலே, எழுதப்பட்டிருக்கிறது. ஏ.ரி.பி. 7 பி எனப்படும் அப்பரம்பரையலகை அறிஞர்கள் 1993ஆம் ஆண்டிற் கண்டுபிடித்தனர்.

ஒவ்வொருவர்க்கும் அக்கட்டளையின் பிரதிகள் இரண்டு உண்டு. ஒன்று தாய் தந்தது. மற்றையது தந்தை தந்தது. ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்க்கு இதன்மேல் வருவது எளிதில் விளங்கும். ஒரு சுவடியிற் பாடம் பிழைபட்டிருந்தாலும் மற்றொரு சுவடி செம்மையாக இருந்தால் நூல் தப்பிவிடும். இரண்டு சுவடியிலும் பிழை நேர்ந்துவிட்டால் உண்மைப் பாடத்தைக் காண வழியில்லை. வில்சன் நோயும் அவ்வாறே. ஒரு பிரதி மாத்திரம் பிழையாக உடையவர் வாழ்நாள் முழுதும் நலமாகவே இருப்பர். தம்மிடம் பிழை உண்டென்பதையும் அறியார். அத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவர்க்கு இந்நோய் உண்டு என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. உறவினுள் மணம் செய்யும் குடும்பங்களில் ஒரே பிழை இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு மிகும். மச்சானுக்கு மச்சாள் என்று முறை வகுத்த நாம் இதனை அறிந்து வைத்திருத்தல் நன்று.

வெளியேற்றும் புரதம் இல்லாதபோது ஈரலில் என்ன நிகழ்கிறது? சீனன்குடாக் காட்டிடையே ஆங்கிலேயர் கட்டிவைத்த எண்ணெய்க் குதங்களை இப்பகுதியார் அறிவர். அவற்றுள் ஒன்றுக்குள் எண்ணெய் வந்துகொண்டே இருக்கிறது. வெளிச்செல்லும் குழாயோ அடைபட்டிருக்கிறது என்று கொள்வோம். நிரம்பும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. நிரம்பிய பின் வழிந்து, ஓடும் இடமெல்லாம் பாழாகும். நோயுற்றவர் ஈரலும் அத்தகைய குதமே. பல ஆண்டுகள் செம்பை அடக்கி வைக்கிறது. சிலர்க்கு இளம்பருவத்திலேயே ஈரல் கெடுகிறது. வேறு சிலர்க்கு ஈரலின் கேடு வெளித்தெரியாமலே செம்பு குருதியில் வழிந்து, கண்ணிலும் மூளையிலும் சென்று படிகிறது. மூளையின் குறிகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், இருபதுகளின் இறுதிக்குள் தலைகாட்டுகின்றன. பிள்ளைகள் பாடசாலையிலும் கல்லூரியிலும் பயிலும் பருவம் அது.

நோயைக் கண்டவர்கள்

ஒருவர் கண்டதை மற்றொருவர் கண்டதோடு பொருத்தி, படிப்படியாக அறியப்பட்ட நோய் இது. 1902இல் கைசர், 1903இல் பிளைஷர் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர் இருவர், சில நோயாளரின் கருவிழியோரத்தில் பழுப்பும் பசுமையும் கலந்த வளையம் ஒன்றைக் கண்டு எழுதினர். அது செம்பின் படிவு என்பது அப்பொழுது தெரியாது. 1912இல் இலண்டன் நரம்பியல் வைத்தியர் கின்னியர் வில்சன், ஒரு குடும்பத்தில் உடன்பிறந்தோர் பலரைத் தாக்கும் நோயொன்றை விரித்தெழுதினார். மூளையின் ஆழத்தில், பருப்பு வடிவிலமைந்த பகுதி சிதைவதையும், அதே நோயாளரின் ஈரல் கரடுதட்டி இறுகுவதையும் ஒருங்கே கண்டது அவர் பெருமை. ஆயினும் அவர் மூளையைக் கண்டது நோயாளர் இறந்த பின்னரே. 1948இல் கமிங்ஸ் என்பார் அத்தகைய ஈரலிலும் மூளையிலும் செம்பு மிகுந்திருப்பதை அளந்து காட்டினார். கண்ணும் ஈரலும் மூளையும் ஒரே கதையின் மூன்று காண்டங்கள் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று.

நம் பக்கத்து நாட்டிலும் இவ்வாராய்ச்சி புதியதன்று. பம்பாயில் தஸ்தூர், வாடியா முதலிய அறிஞர்கள் 16 குடும்பங்களை ஆராய்ந்து 1968ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டனர். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம், 30 ஆண்டுகளில் தான் கண்ட 282 நோயாளரைப் பற்றி 2007இல் எழுதியது. அரிய நோய் என்று நாம் ஒதுக்குவது ஒரு வாயிலில் அத்தனை பேரை நிறுத்தியிருக்கிறது.

பரிவு என்னும் சொல்

வில்சன் இறந்தவர் மூளையிற் கண்டதை இன்று உயிருள்ளவர் மூளையிற் காண்கிறோம். அதற்குரிய கருவியையே எம்.ஆர்.ஐ. என்கின்றனர். காந்தப் பரிவுப் படம் என்பது தமிழ். பௌதிகத்தில் 'பரிவு' என்பது, புறத்திருந்து வரும் அசைவு ஒரு பொருளின் இயல்பான அசைவோடு ஒத்துப்போக, அப்பொருளும் உடனசைதல். ஊஞ்சல் தானாக ஆடும் முறையறிந்து தள்ளினால் சிறு தள்ளலுக்கும் பெரிதாக ஆடுகிறதல்லவா? அதுவே பரிவு. பிறர் துன்பத்தோடு உள்ளம் ஒத்து அசைதலையும் நம் முன்னோர் பரிவு என்றே சொன்னார்கள். இந்தச் சொல்லை இக்கருவிக்குத் தேர்ந்தவர் யாராயினும், தமிழறிந்தவர்.

உடம்பின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் ஐதரசன் அணு இரண்டு உண்டு. அவ்வணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம் போன்றது. சாதாரண நிலையில் அவை திசைக்கொன்றாகக் கிடக்கின்றன. நோயாளரைக் கிடத்தும் குழாயைச் சுற்றிலும் வலிய காந்தம் இருக்கிறது. பல வைத்தியசாலைகளில் உள்ளது 1.5 தெசலா வலிமையுடையது; பூமியின் காந்தப் புலத்தைவிட 30,000 மடங்கிற்கும் மேல். அதனுட் புகுந்ததும் அக்கருக்களிற் சிறிதளவு மிகையான தொகை காந்தத்தின் திசையை நோக்கி அணிவகுக்கும். அப்பொழுது செக்கனுக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம் முறை அதிரும் வானொலி அலை ஒன்று அனுப்பப்படுகிறது. அது கருக்களின் இயல்பான அசைவோடு ஒத்தது. ஆதலின் அவை பரிந்து சாய்கின்றன. அலை நின்றதும் பழைய நிலைக்கு மீள்கின்றன. மீளும்போது மெல்லிய குறிப்பொலி போன்ற அலையைத் தாமே வெளிவிடுகின்றன. நலமுள்ள இழையத்தில் உள்ள நீர் ஒருவகையாக மீளும். வீங்கியோ சிதைந்தோ போன இழையத்தின் நீர் வேறுவகையாக மீளும். அந்த வேறுபாட்டைக் கணினி கறுப்பும் வெள்ளையுமாகப் படம் தீட்டுகிறது. 1973இல் லாட்டர்பர் என்பார் இவ்வழியாற் படம் பெறலாம் என்று காட்டினார்; மான்ஸ்ஃபீல்ட் என்பார் அதனை விரைவுபடுத்தினார். இருவர்க்கும் 2003இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இதில் எக்ஸ் கதிர் இல்லை. வலியும் இல்லை. சம்மட்டி அடிப்பது போன்ற ஓசை மாத்திரம் உண்டு. அரைமணி நேரம் வரையிலோ அதற்கு மேலோ அசையாது கிடத்தல் வேண்டும். உடலினுள் இதய முடுக்கியோ வேறு உலோகமோ இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

ஓர் அறிக்கையும் ஒரு தாயும்

சீனன்குடாவை அடுத்த ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாயார் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். கையில் ஆங்கிலத்தில் அமைந்த அறிக்கை. அதனைத் தமிழிற் சொல்ல வேண்டும் என்பது வேண்டுகோள். மகனுக்குப் பதினைந்து வயது. தரம் 8இல் முத்துமுத்தாக எழுதியவன், தரம் 10க்கு வந்தபோது எழுத்து சிறுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கிற்று. வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுபவன் போலப் பேச்சுக் குழறிற்று. வாய் சிறிது திறந்தபடி ஒரு சிரிப்பு நிலைத்துவிட்டது. அவன் பயின்ற பாடசாலையில் அச்சிரிப்பை ஏளனம் என்று கொண்டு அவனைப் பலமுறை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்களாம்.

"அவன் வேணுமெண்டு சிரிக்கேல்லை, ஐயா. அவனால முகத்தை மூடேலாது" என்றார் அத்தாயார்.

முகத்தசை இறுகுவதால் சிரிப்புப் போன்ற தோற்றம் நிலைத்து நிற்றல் இந்நோயின் அறியப்பட்ட குறிகளுள் ஒன்று. இதனை அறிந்த வைத்தியர் ஒருவர் அவனைக் கண் வைத்தியரிடம் அனுப்பினார். வளையம் தெரிந்தது. பின்னர் எடுத்ததே மூளைப் படம்.

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலே சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, தமிழிலே நூல்களும் ஆக்கினார். ஆதலின் உடம்பைத் தமிழாற் கூற முடியுமா என்ற ஐயம் நம் நாட்டவர்க்கு எழ வேண்டியதில்லை. அறிக்கையின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். 'பியூட்டாமன்' என்பது இலத்தீன் சொல். கொட்டையின் கோது என்பது பொருள். பருப்பு வடிவப் பகுதியை வெளிப்புறத்தே கோது போற் பொதிந்திருப்பதால் அப்பெயர். அசைவுகளை எண்ணாமலே நிகழச் செய்வதில் அதற்குப் பெரும் பங்குண்டு. 'தலமசு' என்பது கிரேக்கச் சொல். உள்ளறை என்று பொருள்படும். உணர்ச்சிச் செய்திகள் மூளையின் மேற்பரப்புக்குச் செல்லுமுன் நுழையும் அறை அது. "இருபுறத்துக் கோதுகளிலும், உள்ளறைகளிலும், நடுமூளையிலும், ஒன்றுபோல வெண்மை மிகுந்துள்ளது" என்று சொன்னேன்.

'ஒன்றுபோல' என்ற சொல்லே இங்கு முக்கியமானது. குருதிக்குழாய் அடைபட்டாலோ கட்டி தோன்றினாலோ பழுது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் இருக்கும். உடம்பு முழுவதிலும் ஓடும் குருதியோடு வரும் நஞ்சு இரு பக்கத்தையும் ஒப்பத் தாக்கும். ஆதலின் இருபுறமும் ஒத்த வெண்மையைக் கண்டதும், வைத்தியர் உடலின் இரசாயனத்தில் நேர்ந்த பிழையை ஐயுறுகிறார். சிலரின் நடுமூளையில் வெண்மைக்கிடையே கருமை தங்கி, சீனத்துப் பண்டாக் கரடியின் முகம்போலத் தோன்றுவதும் உண்டு. 1991இல் ஜப்பானிய வைத்தியர்கள் இதனை எடுத்துக்காட்டினர். எல்லாரிடமும் அது தோன்றுவதில்லை. தோன்றினால் வில்சன் நோய்க்கு வலிய சான்று.

எல்லாம் கேட்டபின் அத்தாயார் ஒரே வினாவைக் கேட்டார்: "இந்த வெள்ளை போகுமோ, ஐயா?"

படம் சொல்வதும் சொல்லாததும்

அவ்வினாவுக்கு விடை கூறுமுன் ஒன்றைத் தெளிதல் வேண்டும். அந்த வெண்மை செம்பு அன்று. செம்பு செய்த சேதம் அது: வீக்கம், நரம்பிழைகளின் உறை கெடுதல், உயிரணுக்கள் மாய்ந்த இடத்தில் தழும்பு ஏறுதல். வீக்கம் வடியக் கூடியது. மாய்ந்த உயிரணு மீள்வதில்லை. படத்தில் இரண்டும் வெண்மையாகவே தோன்றக் கூடும். ஆகவே ஒரு படத்தைக் கொண்டு முடிவுரை கூறலாகாது. மருந்து தொடங்கியபின் எடுக்கும் அடுத்த படமே எது வீக்கம், எது அழிவு என்று காட்டும்.

நிம்ஹான்ஸ் அறிஞர்கள் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனையே பொருளாகக் கொண்டது. செம்பை வெளியேற்றும் மருந்து பெற்ற 50 நோயாளரின் படங்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டனர். பெரும்பாலோரிடம் மாற்றங்கள் குறைந்திருந்தன. சிலரிடம் அவ்வாறே நின்றன. மிகச் சிலரிடம் கூடியிருந்தன. 'போகும்' என்றோ 'போகாது' என்றோ ஒரு சொல்லில் விடை கூற முடியாமைக்குக் காரணம் இது. 'பலர்க்குக் குறைந்திருக்கிறது; நாள் கடத்தாமல் மருந்து தொடங்குதலே நம் கையில் உள்ளது' என்பதே நேர்மையான விடை. அதனையே சொன்னேன்.

படம் தனித்து நோயைத் தீர்மானிப்பதும் இல்லை. கண்வளையம், குருதியிற் செம்பைத் தாங்கும் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தின் குறைவு, ஒரு நாள் முழுதும் சேர்த்த சிறுநீரிற் செம்பின் மிகுதி, வேண்டுமாயின் பரம்பரையலகுச் சோதனை ஆகியவற்றைச் சேர்த்தே வைத்தியர் முடிவு செய்கிறார். பழுது எங்கே, எவ்வளவு, வேறு நோயா, மருந்து பயன் தருகிறதா என்பவற்றுக்கு விடை தருவது படம்.

மருந்து

போர்க்காலத்து நச்சு வாயுவுக்கு மாற்றாக ஆங்கிலேயர் கண்ட மருந்தொன்றை 1951 அளவில் இந்நோய்க்கு ஊசி வழியாக ஏற்றிப் பார்த்தனர். செம்பு வெளியேறிற்று, ஆனால் வேதனை மிகுதி. 1956இல் ஜோன் வோல்ஷ் என்னும் ஆங்கில வைத்தியர், வாயால் உண்ணத்தக்க பெனிசிலமைன் இந்நோய்க்குப் பயன்படுவதை எழுதினார். நோயாளிக்குக் கொடுக்குமுன் அதனைத் தாமே உண்டு பார்த்தார் என்பது அவர் வரலாற்றிற் காணப்படுவது. அதனைத் தாங்க இயலாதவர்க்கு டிரையென்டைன் என்பதையும் பின்னர் அவரே கொணர்ந்தார். நாகம் எனப்படும் துத்தநாகத்தின் உப்புகள் குடலிலே செம்பு ஏறாமல் தடுக்கின்றன. ஈரல், மட்டி, சிப்பி, கொட்டை வகை, சொக்கலேற் முதலிய செம்பு மிகுந்த உணவுகளைக் குறைக்கச் சொல்வர். செப்புப் பாத்திரத்தில் வைத்த நீர் இவர்கட்கு ஆகாது.

இரண்டு செய்திகளை வீட்டார் மறத்தலாகாது. பெனிசிலமைன் தொடங்கிய முதல் மாதங்களிற் சிலர்க்கு நடுக்கமும் குழறலும் மிகக் கூடும். அஞ்சித் தாமாக நிறுத்தாது வைத்தியரிடம் செல்ல வேண்டும். நலம் வந்துவிட்டது என்று எண்ணி நிறுத்துதல் அதனினும் பெருந்தீங்கு. பரம்பரையலகின் பிழை மாறுவதில்லை. ஆதலின் மருந்து வாழ்நாள் முழுதும் வேண்டும். நிறுத்தியவர் சிலர் மிக விரைவில் ஈரல் செயலிழந்து மாண்டிருக்கின்றனர்.

ஆசிரியரும் உடன்பிறந்தோரும்

கையெழுத்துக் கெடுவதெல்லாம் வில்சன் நோயன்று. சோம்பலாலும் கெடும், விரைவாலும் கெடும், கண்பார்வைக் குறைவாலும் கெடும். ஆனால் நன்றாக எழுதிய மாணவன் சில மாதங்களில் எழுத முடியாதவனானால், தெளிவாகப் பாட்டுச் சொன்னவன் குழறினால், வாயில் நீர் வடிந்தால், கை நடுங்கினால், அடங்கியிருந்தவன் காரணமின்றிச் சினந்தால், அது ஒழுக்கக் குறைவா, உடற்குறையா என்று ஒரு முறையேனும் ஐயுறுதல் ஆசிரியர் கடமை. பழைய கொப்பி ஒன்றையும் புதிய கொப்பி ஒன்றையும் பெற்றோர் கையிற் கொடுத்து, வைத்தியரிடம் காட்டச் சொல்லலாம். முன்னும் பின்னுமான அவ்விரண்டு பக்கங்கள் வைத்தியர்க்கு மிகப் பயன்படும் சான்று. அச்சான்றை வைத்திருப்பவர் நாமே.

நோய் ஒருவரிடம் உறுதியானால் உடன்பிறந்தோர் அனைவரையும் சோதிக்க வேண்டும். என்னிடம் வந்த தாயாருக்குப் பதினொரு வயதில் ஒரு மகளும் இருந்தாள். ஓடியாடித் திரிந்தாள், கையெழுத்து அழகு, எக்குறையும் இல்லை. ஆயினும் அண்ணனின் நோய் தெரிந்ததால் வைத்தியர் அவளையும் சோதித்தார். செம்பு தேங்கத் தொடங்கியிருந்தது. மூளைப் படத்திற் பழுதில்லை. அன்றே மருந்து தொடங்கப்பட்டது. தமையன் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் பெற்று எழுதினான். அவன் பேச்சு இப்பொழுது விளங்குகிறது. எழுத்து முழுவதும் திரும்பவில்லை. தங்கையோ நாள்தோறும் மாத்திரையை உண்டு, மற்றப் பிள்ளைகளைப் போலவே பாடசாலைக்குப் போய்வருகிறாள். அவளுடைய கொப்பியில் இன்றுவரை ஓர் எழுத்தும் சிறுக்கவில்லை.